முழுதாக உள்ளே வந்தவர்: அருட்சகோதரி தியா போமன்

கல்விக்கென்று நிறுவப்பட்ட ஓர் அறக்கட்டளையின் மேடையில், வாசிக்கத் தடுமாறிய ஒரு சிறுமியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலம். அங்கே கேன்டன் என்று பருத்தி வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர். 1940-களில் அந்த ஊரில் பெர்த்தா எலிசபெத் போமன் என்ற கறுப்பினச் சிறுமி ஐந்தாம் வகுப்பை எட்டியிருந்தாள். ஆனால் ஒரு பக்கத்தைத் திக்காமல் வாசிக்க அவளால் முடியவில்லை. இத்தனைக்கும் அப்பா மருத்துவர், அம்மா ஆசிரியை.

பிள்ளையிடம் குறையில்லை. அந்நாளைய மிசிசிப்பியில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்பது சட்டம். கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்குப் பணமும் குறைவு, ஆசிரியர்களும் குறைவு. மறுபக்கத்துப் பிள்ளைகள் படித்துக் கிழித்த புத்தகங்கள்தான் இந்தப் பக்கம் வந்து சேரும். பருத்தி எடுக்கும் பருவம் வந்தால் வகுப்பறை காலியாகிவிடும். அப்பா தியோன் போமன் அந்தப் பகுதிக் கறுப்பின மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்தவர். ஒரே தலைமுறையில் அடிமையின் வீட்டிலிருந்து மருத்துவர் வந்துவிட்டார். அந்த மருத்துவரின் மகளுக்கு வாசிப்பு வரவில்லை.

1948-ல் வட மாநிலமான விஸ்கான்சினிலிருந்து நித்திய ஆராதனையின் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் கேன்டனுக்கு வந்தார்கள். அங்கிருந்த குழந்தை இயேசு கத்தோலிக்கப் பணித்தளத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்தார்கள். மகளை அம்மா அங்கே சேர்த்தார். அதற்கு முன்பே, ஒன்பது வயதில், மெத்தடிஸ்ட் வீட்டுப் பிள்ளையான பெர்த்தா தன் விருப்பத்திலேயே கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றிருந்தாள். கத்தோலிக்கர் ஏழைகளுக்காகச் செய்த வேலையைக் கண்ணால் பார்த்ததுதான் தன்னை ஈர்த்தது என்று பின்னாளில் அவர் சொன்னார். புதுப் பள்ளியில் வாசிப்பு வந்தது. வந்ததோடு நிற்காமல், ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வரை கொண்டுபோய்விட்டது.

இவ்வளவோடு நிறுத்தினால் இது நல்ல கன்னியரின் கதையாக முடிந்துவிடும். அவர் அப்படி முடிக்க விட்டதில்லை. தன் முதல் ஆசிரியர்கள் கன்னியர் அல்லர், ஊரின் முதியவர்கள் என்று மேடைக்கு மேடை சொன்னார். பெற்றோருக்கு வயதான பிறகு பிறந்த ஒற்றைப் பிள்ளை அவர். வளர்ந்ததும் வயதானவர்கள் நடுவில்தான். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விவிலியத்தின் கதைகள் முழுக்கத் தெரியும், பாட்டாகத் தெரியும். துக்க வீட்டில் எதைப் பாடுவது, தூங்காத பிள்ளைக்கு எதைப் பாடுவது, பட்டினி நாளில் எதைப் பாடுவது என்று தெரியும். ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நம் நடவுப் பாட்டுக் கேட்ட காதுகளுக்கு அந்த முறை விளங்கும். புத்தகம் இல்லாத இடத்தில் பாட்டே பாடநூலாக இருந்தது. போமனின் வாழ்வைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: அவருக்கு இசை, கல்விக்குப் பூசிய மெருகு அல்ல. கற்பிக்கும் முறையே அதுதான்.

பதினைந்து வயதில் கன்னியர் மடத்தில் சேரப் போகிறேன் என்றார். பெற்றோர் மறுத்தார்கள். மகள் சாப்பாட்டை நிறுத்தினார். பெற்றோர் இறங்கி வந்தார்கள். வடக்கே போனால் வெள்ளைக்காரர்கள் உன்னை விரும்பமாட்டார்கள் என்று அப்பா எச்சரித்ததும், விரும்ப வைக்கிறேன் என்று மகள் பதில் சொன்னதும் அந்தக் குடும்பத்தின் நினைவாகப் பதிவாகியிருக்கின்றன. பின்னாளில் பெற்றோர் இருவருமே கத்தோலிக்கரானார்கள்.

1953-ல் விஸ்கான்சினின் லாக்ராஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். மிசிசிப்பி ஆறு அந்த நகரைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. ஊர்தான் வேறு. கேன்டனுக்கு வந்த அதே சபையின் மடம் அங்கே. அந்த மடத்தில் 1878 ஆகஸ்ட் 1 முதல் நற்கருணைக்கு முன் கன்னியர் மாறி மாறி அமர்ந்து, இரவும் பகலும் இடைவிடாமல் செபித்து வந்தார்கள். அத்தனை பேர் நடுவே கறுப்பினத்தவர் இவர் ஒருவரே.

அது ஏன் அப்படி என்று கேட்க வேண்டும். அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபையின் கையும் அடிமை முறையில் தோய்ந்திருந்தது. 1838-ல் மேரிலாந்து இயேசு சபையினர் தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 பேரை விற்றார்கள்; அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. அடிமையாகப் பிறந்த அகஸ்டஸ் டோல்டனுக்கு எந்த அமெரிக்கக் குருமடமும் இடம் தரவில்லை. அவர் ரோமில் படித்து 1886-ல் குருவானார். பெரும்பாலான பெண் துறவற சபைகள் கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால்தான் 1829-லேயே பால்டிமோரில் கறுப்பினப் பெண்கள் தமக்கென்று ஒரு சபையைத் தொடங்க வேண்டியிருந்தது. ஒரு வெள்ளையர் சபையில் 1953-ல் ஒரு கறுப்பினப் பெண் ஏற்கப்பட்டது சின்ன விஷயம் அல்ல. ஆனால் ஏற்பது வேறு, இடம் கொடுப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் போமன் பின்னால் நாடு முழுக்கப் பேசினார்.

மடத்தில் அவருக்குப் புதுப்பெயர் கிடைத்தது: தியா. கடவுளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அப்பா தியோனின் பெயரும் அதற்குள் ஒலிக்கிறது. 1955-ல் காசநோய் வந்து சிகிச்சை இல்லத்தில் இருக்க நேர்ந்தது. 1958-ல் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். லத்தீன் பாடல்களைக் கற்றார். அடக்கிப் பேச, மெல்ல நடக்க, வெள்ளையர் சபையின் பழக்கவழக்கங்கள் அனைத்தையும் கற்றார். கேன்டன் முதியவர்களிடம் கற்ற பாட்டு அந்த ஆண்டுகளில் உள்ளுக்குள்ளேயே இருந்தது. அப்பாவிடம் சொன்ன வாக்கைக் காப்பாற்ற, தன்னில் பாதியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது என்று இதைப் படிக்கலாம். அந்தப் பாதியை அவர் திரும்பப் பெற்ற கதைதான் மீதி.

லாக்ராஸில் ஒரு தொடக்கப் பள்ளியில் வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். 1961-ல் சபை அவரைக் கேன்டனுக்கு அனுப்பியது. தான் படித்த அதே குழந்தை இயேசு பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பினார். ஆங்கிலமும் இசையும் அவர் பாடங்கள்.

அந்த ஆண்டுகளில் மிசிசிப்பியில் வாழ்வதே ஒரு பாடம். இன வாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிசிசிப்பி காது கொடுக்கவில்லை. 1955-ல் அதே மாநிலத்தில் எம்மட் டில் என்ற 14 வயதுச் சிறுவனைக் கொன்று ஆற்றில் போட்டார்கள்; கொன்றவர்களை நீதிமன்றம் விடுவித்தது. 1963-ல் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸைப் பக்கத்து நகரான ஜாக்சனில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். 1964 கோடையில் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மாநிலமெங்கும் இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். 1966 ஜூன் மாதம், மார்ட்டின் லூதர் கிங் கலந்துகொண்ட நடைப்பயணம் கேன்டனுக்கு வந்தது. ஜூன் 23 மாலை ஒரு கறுப்பினப் பள்ளியின் மைதானத்தில் கூடாரம் அடிக்கப் போனவர்கள்மீது காவல் துறை கண்ணீர்ப்புகை வீசி, தடியால் அடித்து விரட்டியது. அடிபட்டு ஓடியவர்களுக்குக் கதவைத் திறந்த இடங்களில் ஒன்று குழந்தை இயேசு பணித்தளம்.

இப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆங்கில ஆசிரியை என்ன செய்ய முடியும்? போமன் பிள்ளைகளைப் பாட வைத்தார். அடிமைக் காலத்திலிருந்து வந்த பாடல்களை, அவர்களுடைய பாட்டியும் பூட்டியும் பாடியவற்றை, வெட்கப்படாமல் நிமிர்ந்து நின்று பாட வைத்தார். இதில் வெட்கத்துக்கு என்ன என்று கேட்கலாம். உன் பேச்சு கொச்சை, உன் பாட்டு கூச்சல், உன் தெய்வ பக்தி பாமரம் என்று தினமும் கேட்டு வளரும் பிள்ளைக்கு வெட்கம் வரத்தான் செய்யும். 1967-ல் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பாடகர் குழு ‘தி வாய்ஸ் ஆஃப் நீக்ரோ அமெரிக்கா’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. பள்ளிக்கு நிதி திரட்டுவது நோக்கங்களில் ஒன்று. மிசிசிப்பியின் ஒரு மூலையில் இருந்த பள்ளிப் பிள்ளைகள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் குரல் என்று தங்களைத் தாங்களே பெயரிட்டுக்கொண்டு வட்டு வெளியிட்டார்கள். அந்தத் தலைப்பில் இருக்கும் துணிவு ஆசிரியை கொடுத்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

இந்தப் பாடல்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் தமிழில் எல்லாவற்றையும் ‘கறுப்பர் இசை’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ‘ஸ்பிரிச்சுவல்’ என்பது அடிமைகள் வயலிலும் ஒளிந்து கூடிய செபக் கூட்டங்களிலும் பாடியது. இயற்றியவர் பெயர் தெரியாது. 1871-ல் டென்னசியின் ஃபிஸ்க் கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரியைக் கடனிலிருந்து காப்பாற்ற ஒரு பாடகர் குழுவாகப் புறப்பட்டபோதுதான் அது உலக மேடைக்கு வந்தது. ஒரு கல்வி நிலையத்துக்குப் பணம் தேடி இந்தப் பாட்டு ஊர் சுற்றியது கேன்டனில் முதல் முறை அல்ல. ‘காஸ்பல்’ பிந்தையது, இயற்றியவர் பெயரோடு வந்தது. ப்ளூஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்த தாமஸ் டார்ஸி 1932-ல் பிரசவத்தில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் இழந்த துயரத்தில் எழுதிய பாட்டு அதன் மைல்கல். சிகாகோ போன்ற நகரங்களின் பாப்டிஸ்ட் ஆலயங்களில் அது வளர்ந்தது. இவை இரண்டுமே கத்தோலிக்க ஆலயத்துக்குள் நெடுங்காலம் வரவில்லை. கறுப்பினக் கத்தோலிக்கர் ஞாயிறன்று லத்தீனில் பாடினார்கள், வீட்டுக்கு வந்து தங்கள் பாட்டைப் பாடினார்கள்.

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு இந்தச் சுவரில் ஒரு வாசலைத் திறந்தது. மக்களின் சொந்த மொழிக்கும், தங்களுக்கென்று இசை மரபு கொண்ட மக்களின் அந்த மரபுக்கும் வழிபாட்டில் இடம் தர அது வழி செய்தது. தமிழ்க் கத்தோலிக்கருக்கு இந்த மாற்றத்தின் ருசி தெரியும். அமெரிக்காவில் அந்த வாசலில் முதலில் நுழைந்தவர்களுள் ஒருவர் சின்சினாட்டியின் கறுப்பினக் குரு கிளாரன்ஸ் ரிவர்ஸ். ஆப்பிரிக்க அமெரிக்க இசையில் அவர் அமைத்த பாடல் 1964-ல் செயின்ட் லூயிஸில் நடந்த ஆங்கிலத் திருப்பலியில் ஒலித்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. போமனுக்கு முன்னோடி இவர். போமனின் புகழில் ரிவர்ஸ் மறைந்துவிடக் கூடாது.

1968-ல் போமன் தலைநகர் வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தார். அந்த ஏப்ரலில்தான் கிங் கொல்லப்பட்டார். அந்த ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் நகரில் கறுப்பினக் கன்னியர் நாடெங்கிலுமிருந்து கூடித் தங்களுக்கென ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். தனித்தனி மடங்களில் ஒற்றைக் கறுப்பினப் பெண்ணாக இருந்தவர்களுக்கு, தன்னைப் போல் வேறு பலரும் இருக்கிறார்கள் என்று கண்ணால் காணும் வாய்ப்பு. போமனும் அந்த அமைப்பில் இயங்கினார். இந்த ஆண்டுகளில்தான் பழைய துறவற உடை போய், ஆப்பிரிக்க அச்சுத் துணியில் தைத்த உடை அவருக்கு வந்தது.

1972-ல் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள் கேட்பவர்களைச் சற்று வியக்க வைக்கும்: பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தாமஸ் மோர், அரசனை எதிர்த்ததற்காக லண்டன் கோபுரச் சிறையில் இருந்தபோது எழுதிய, துன்பத்தில் ஆறுதல் பற்றிய உரையாடல் நூல். படையெடுப்பை எதிர்நோக்கி அஞ்சும் ஹங்கேரியில் ஒரு வயதான மாமாவும் இளைய மருமகனும் பேசிக்கொள்வதாக அமைந்த நூல் அது. அடிமைகளின் பேத்திக்கும் இங்கிலாந்தின் முன்னாள் லார்ட் சான்சலரான மோருக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. அச்சம் சூழ்ந்த நேரத்தில் ஒரு முதியவர் இளையவருக்குக் கதை சொல்லி, சிரிக்க வைத்து, சாவுக்குத் தயாராக்குவதுதான் அந்த நூல். கேன்டன் திண்ணைகளில் அவர் கண்டதும் அதுவே. அந்தச் சொல்லாட்சி எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் அவர் ஆய்ந்தார்.

பிறகு லாக்ராஸில் தன் சபை நடத்திய விட்டர்போ கல்லூரியில் ஆங்கிலத் துறையின் தலைமை. ஹாலலூயா சிங்கர்ஸ் என்ற பாடகர் குழுவை அங்கே உருவாக்கினார். வில்லியம் ஃபாக்னரின் நாவல்களைப் பாடம் நடத்தினால் போதாது என்று வட மாநிலத்து மாணவர்களைத் தெற்கே மிசிசிப்பிக்கே அழைத்துப் போனார். நாவலில் வரும் மண்ணை மிதித்துப் பார்க்க வேண்டும், அந்த மக்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். நல்ல ஆசிரியர்கள் எல்லோரும் விரும்புவது, சிலர் மட்டுமே செய்வது.

1978-ல் மூப்படைந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்ளக் கேன்டனுக்குத் திரும்பினார். ஜாக்சன் மறைமாவட்ட ஆயர் ஜோசஃப் புருனினி அவருக்கு ஒரு புதிய பொறுப்பைக் கொடுத்தார்: பல்வேறு பண்பாட்டு மக்களிடையே புரிதலை வளர்ப்பது. கேட்க மென்மையாக இருக்கும் இந்தப் பொறுப்பைத்தான் அவர் நாடு தழுவிய பணியாக மாற்றினார். கறுப்பர், வெள்ளையர், பூர்வகுடியினர், லத்தீன் அமெரிக்க வழிவந்தோர் என எல்லாரையும் ஓர் அறையில் உட்கார வைப்பார். கட்டுரை வாசிக்கமாட்டார். முதலில் பாடுவார், அப்புறம் கூட்டத்தைப் பாடச் சொல்வார். தயங்கி முணுமுணுப்பவர்களை நிறுத்தி மறுபடி பாடச் சொல்வார். அடுத்தவரின் பாட்டை வாய்விட்டுப் பாடிய பிறகு அவரை அந்நியராகப் பார்ப்பது கடினம் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. பாட்டு இறங்கிய இடத்தில்தான் கேள்வியை வைப்பார்: இந்தப் பங்கில் முடிவெடுக்கும் குழுவில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்?

1980-ல் நியூ ஆர்லியன்ஸில் உள்ள லூசியானா சேவியர் பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் கத்தோலிக்கக் கல்விக்கான நிறுவனம் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். வரலாற்று வழியில் கறுப்பினத்தவருக்கென அமைந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அது ஒன்றே. நிறுவியவர் பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட கேத்தரின் டிரெக்சல். கோடைக்காலங்களில் குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் அங்கே வந்து படித்தார்கள். கறுப்பின மக்களிடையே பணி செய்யப் போகிறவர் அவர்கள் பாட்டையும் போதனை மரபையும் தெரிந்துகொண்டு போகட்டும் என்ற எளிய எண்ணம்தான் அதன் அடிப்படை.

1987-ல் ‘லீட் மீ, கைட் மீ’ என்ற பாடல் நூல் வெளிவந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கக் கத்தோலிக்கருக்கென்றே தொகுத்த முதல் திருவழிபாட்டுப் பாடல் நூல். ஆயர் ஜேம்ஸ் லைக் முன்னின்று ஒருங்கிணைத்தார். போமன் அதற்கு முன்னுரையாக ஒரு கட்டுரை எழுதினார். வீட்டில் மட்டும் பாடிய பாட்டுக்கு ஆலய இருக்கையில் அச்சிட்ட புத்தகம் கிடைத்துவிட்டது. இதைச் சமூக நீதியின் கணக்கில் சேர்க்கத் தயங்குபவர்கள் இருக்கலாம். வாக்குரிமையும் பள்ளியும் நீதி, பாட்டுப் புத்தகம் கலை என்று பிரித்துவிடுவது எளிது. போமன் பிரிக்கவில்லை. வாக்களிக்கத் தடுத்தவர்கள் பயன்படுத்திய அதே அளவுகோல்தான், நீ போதாதவன் என்ற அளவுகோல்தான், பாட்டையும் வெளியே நிறுத்தியது.

இடையில் 1984 வந்தது. அந்த ஆண்டில் பெற்றோர் இருவரும் இறந்தார்கள். அதே ஆண்டில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சாகும்வரை வாழ்ந்துகொண்டிருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மேடைகளுக்குப் போனார். 1987-ல் ‘60 மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மைக் வாலஸ் அவரைப் பேட்டி கண்டார். எவரையும் குடைந்து கேட்பதில் பேர்போன அந்தச் செய்தியாளரை, கறுப்பு அழகு என்று திரும்பச் சொல்ல வைத்தார் போமன். 1988-ல் ‘சாங்ஸ் ஆஃப் மை பீப்பிள்’, அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் பாடல்களின் தொகுப்பு என இரண்டு ஒலிநாடாக்கள் வந்தன. நோயால் இளைத்த உடலிலிருந்து எழும் குரல் அவற்றில் இருக்கிறது. நுணுக்கமான இசைப் பயிற்சி கொண்ட குரலாக அது கேட்பதில்லை; சமையலறையில் நின்று பாடும் ஒரு பாட்டியின் குரலாகக் கேட்கிறது. அவர் விரும்பியதும் அதுவாகவே இருந்திருக்க வேண்டும்.

1989 ஜூன் 17. நியூஜெர்சி மாநிலத்தில் சீட்டன் ஹால் பல்கலைக்கழகம். அமெரிக்க ஆயர்கள் கூடியிருந்தார்கள். பெரும்பாலும் வெள்ளையர், அனைவரும் ஆண்கள். சக்கர நாற்காலியில் வந்தார் போமன். புற்று எலும்புவரை பரவியிருந்தது. பேச்சை ஒரு பழைய ஸ்பிரிச்சுவலோடு தொடங்கினார். தாயற்ற குழந்தையாக, வீட்டைவிட்டு வெகுதொலைவில் உணர்வதைப் பற்றிய பாட்டு. திருச்சபையில் எங்களுக்கு இப்படித்தான் இருக்கிறது என்று விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அதன் பிறகு சொன்னது விரிவானது. கறுப்பினத்தவராகவும் கத்தோலிக்கராகவும் இருப்பதன் பொருள் என்ன என்று தானே கேட்டுக்கொண்டு, தன் வரலாறு, பண்பாடு, ஆட்டம், பாட்டு, சைகை எல்லாவற்றோடும், எதையும் வாசலில் விடாமல், முழுதாகத் தன் திருச்சபைக்குள் வருகிறேன் என்றார். பெண்கள் ஆலயத்தில் மறையுரை ஆற்ற முடியாது என்பதை எடுத்துச் சொல்லிவிட்டு, தெருவிலும் வீட்டிலும் அதைச் செய்யலாமே என்றார். கத்தோலிக்கப் பள்ளிகள் கறுப்பின மக்களுக்கு எத்தனை பெரிய வரம், அவற்றைக் காப்பது ஏன் திருச்சபையின் கடமை என்று எடுத்துரைத்தார். எங்களைப் பற்றிய முடிவுகள் நாங்கள் இல்லாத அறைகளில் எடுக்கப்படுகின்றன என்று அந்த அறையில் இருந்தவர்களிடமே சொன்னார். சொல்லும்போது சிரித்தார், கேலி செய்தார், பாடினார். ஆயர்கள் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள்.

முடிவில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ‘வி ஷல் ஓவர்கம்’ பாட வைத்தார். அந்தப் பாட்டின் வழித்தடத்தை அங்கே கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பின ஆலயப் பாடல்களில் வேர் கொண்டு, 1940-களின் நடுவில் தென் கரோலினாவில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிற்சாலைப் பெண்களின் வாயில் வளர்ந்தது அது. அங்கிருந்து டென்னசியில் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தந்த ஹைலேண்டர் பள்ளிக்கு வந்தது. அங்கே இசை கற்பித்த ஸில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்று மற்றவர்களுக்குக் கற்பித்தார். 1960-க்குப் பிறகு உரிமைப் போராட்டத்தின் பாட்டானது. ஆலயம், ஆலை, பள்ளி, தெரு என்று சுற்றிவிட்டு ஆயர்களின் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. கைகளைக் கோத்துக்கொண்ட விதம் போமனுக்குத் திருப்தி தரவில்லை. வலக்கையை இடக்கையின் மேல் குறுக்காகப் போட்டுப் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடியுங்கள், அப்போதுதான் நெருங்கி நிற்க முடியும் என்று திருத்தினார். போராட்டக் காலத்தில் அப்படித்தான் நின்றார்கள். நெருங்கி நின்றால் காவலர் ஒருவரைத் தனியாகப் பிரித்து இழுப்பது கடினம். ஆசிரியை திருத்தியபடி ஆயர்கள் நின்றார்கள், பாடினார்கள், அசைந்தார்கள்.

அந்தக் காட்சிதான் புகழ்பெற்றது. கைகோத்து ஆடும் ஆயர்களின் படம் எல்லா நினைவுக் கட்டுரையிலும் வருகிறது. படம் அழகானது, ஆனால் அது மட்டும் நின்றுவிட்டதில் ஓர் இழப்பு இருக்கிறது. அரை மணிக்கும் குறையாமல் அவர் வைத்த கேள்விகள், பள்ளிகளைப் பற்றி, தலைமையைப் பற்றி, பெண்களைப் பற்றி வைத்த கேள்விகள், பாட்டின் இனிமைக்குள் கரைந்துவிடுகின்றன. பாட்டை அவர் மருந்தோடு கொடுக்கும் தேனாக நினைக்கவில்லை. பாட்டும் கேள்வியும் அவருக்கு ஒரே மூச்சு.

1990 மார்ச் 30 அன்று, தான் வளர்ந்த கேன்டன் வீட்டிலேயே இறந்தார். வயது 52. மெம்ஃபிஸ் நகரின் எல்ம்வுட் கல்லறையில் பெற்றோர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த ஆண்டு நோட்ர டாம் பல்கலைக்கழகம் தன் லேத்தாரே பதக்கத்தை அவருக்கு அவர் மறைவுக்குப் பின் வழங்கியது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். 2018 நவம்பரில் அமெரிக்க ஆயர்கள் அவருடைய புனிதர் பட்ட விசாரணைக்கு ஒப்புதல் தந்தார்கள். இன்று அவர் ‘இறை ஊழியர்’ என்று அழைக்கப்படுகிறார். தன் கல்லறைக் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார்: முயன்றார் என்பது மட்டும்.

கறுப்பின மாணவர்கள் கத்தோலிக்கக் கல்லூரிகளில் படிக்க உதவும் ஓர் அறக்கட்டளை அவர் உயிரோடிருந்த 1989-லேயே அவர் பெயரில் தொடங்கியது. ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறிய பிள்ளையின் பெயரில் பல பிள்ளைகள் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

சீட்டன் ஹால் உரையின் ஒளிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. இந்த அவையில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். அதைத் தேடிப் பாருங்கள். கைகோத்து நிற்கும் கடைசிச் சில நிமிடங்களுக்கு நேரே தாவிவிடாமல், சக்கர நாற்காலியிலிருந்து அவர் முதல் பாட்டைத் தொடங்கும் இடத்திலிருந்து முழுவதையும் கேளுங்கள்.